சிங்கப்பூரில் கோஷர் விருந்தினர்களுக்கு ஏற்பாடு செய்த அனுபவம்

சிங்கப்பூரில் மாநாடுகளுக்கு வருவோருக்குத் தங்குமிடமும் உணவும் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். நியூயார்க்கிலிருந்து வரவிருந்த ஒரு மருத்துவக் குழுவில், கோஷர் எனும் யூத உணவு விதிகளையும் சப்பாத் எனும் ஓய்வுநாளையும் வழுவாமல் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பங்கள் சில இருப்பதாகத் தெரிந்ததும், வாட்டர்லூ தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என்னென்ன ஓட்டல்கள் உள்ளன என்று பார்ப்பதிலிருந்தே என் வேலையைத் தொடங்கினேன். வெள்ளி மாலை கதிரவன் மறைவது முதல் சனி இரவு வரை அவர்கள் வண்டி ஏறமாட்டார்கள். 1878இல் திறக்கப்பட்ட மகெய்ன் அபோத் எனும் யூத ஜெப ஆலயமோ அந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் போகும் தமிழர்களுக்கு மிகவும் பழகிய தெரு அது. அந்த ஆலயம் கல்கத்தா வழியாகவும் நேராகவும் வந்து குடியேறிய பாக்தாத் யூத வணிகர்களின் சமூகத்துக்குரியது. 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலும் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே.

ஜெப ஆலயத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, வருவோரின் கடவுச்சீட்டு விவரங்களை முன்கூட்டியே அனுப்பிப் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். சப்பாத்தன்று அக்குடும்பத்தினர் தெருவில் எதையும் கையில் எடுத்துச் செல்லமாட்டார்கள் என்பதால், காவலரிடம் காட்ட வேண்டிய ஆவணங்களை வெள்ளிக்கிழமை பகலிலேயே நேரில் காட்டி, முகங்களையும் அறிமுகப்படுத்திவிட்டு வந்தோம். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் மறுநாள் காலை வாசலிலேயே வாக்குவாதம் நடந்திருக்கும்.

உண்மையான தலைவலி உணவில்தான் இருந்தது. ஓட்டலின் விருந்துக்கூட மேற்பார்வையாளர் மாயவரத்துக்காரர், "அண்ணே, நம்ம சைவச் சாப்பாட்டையே கொடுத்துட்டா என்ன? அதுல முட்டைகூட இல்லையே!" என்றார். பலருக்கும் தோன்றும் யோசனைதான். ஆனால் அது செல்லாது. எந்த விலங்கை, எந்த மீனை உண்ணலாம் என்று யூத வேதநூல்களில் ஒன்றான லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரம் சொல்வது தொடக்கம் மட்டுமே. பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாது என்பதால் அவற்றுக்குரிய பாத்திரங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். உண்ணக்கூடாத இறால் வெந்த சட்டியில் பிறகு வெறும் பருப்பை வேகவைத்தாலும் அந்தப் பருப்பு ஆகாது. பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பைச் சாறு சேர்க்கப்படலாம் என்பதால், அது யூத மேற்பார்வையில் தயாரானதாக இருக்க வேண்டும். காலிஃபிளவர், கீரை, கறிவேப்பிலை போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பூச்சி இருந்தாலும் அது விலக்கு. ஆகவே இலை இலையாக வெளிச்சத்தில் பார்த்தே சேர்ப்பார்கள். இவை எல்லாம் சரியாக இருந்தாலும், சமைத்த உணவில் பெரும்பாலானவற்றுக்கு அடுப்பைப் பற்றவைப்பதிலாவது யூதர் ஒருவரின் கை இருந்தாக வேண்டும். பொருள்களின் பட்டியலைப் படித்துத் தீர்மானித்துவிடக்கூடிய விஷயமில்லை இது. உடனிருந்து பார்த்து, நான் பொறுப்பு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவரைத்தான் மஷ்கியா என்கிறார்கள்.

ஓட்டல் சமையலறையைக் கோஷராக மாற்றுவது, கொதிநீர் ஊற்றியும் நெருப்பில் காய்ச்சியும் பாத்திரங்களைப் புதுக்கும் பெரிய வேலை. சில குடும்பங்களுக்காக அதில் இறங்குவது வீண் செலவு என்பது என் முடிவு. ஜெப ஆலயத்தை ஒட்டியுள்ள ஜேக்கப் பாலாஸ் மையத்திலேயே கோஷர் உணவும் பலசரக்கும் கிடைத்ததால், சமைத்ததை முத்திரையிட்டு வரவழைத்தோம். எங்கள் அடுப்பில் சூடாக்கும்போது, மஷ்கியா சுற்றித் தந்த இரட்டை அலுமினியத் தாளைப் பிரிக்கவே கூடாது. மாயவரத்து மேற்பார்வையாளர் அதை ஒரு தாளில் எழுதி அடுப்பின் கதவில் ஒட்டிவைத்தார். திராட்சை மதுவுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. கோஷர் மதுவே ஆனாலும், யூதரல்லாத பரிமாறுநர் திறந்து ஊற்றினால் ஆகாது. முன்பே சூடாக்கிய மேவுஷால் வகையாக இருந்தால் மட்டும் தடையில்லை. எங்கள் பரிமாறுநர்கள் எல்லோரும் தமிழரும் சீனரும் என்பதால் அந்த வகையையே கேட்டு வாங்கினோம். பழங்களை வெட்டாமல் முழுதாக வைத்தோம். மங்குஸ்தானும் ரம்புத்தானும் கத்தி இல்லாமலே உரியும் என்பதால் குழந்தைகள் அவற்றை ஒரு கை பார்த்துவிட்டார்கள். டுரியானுக்கு மட்டும் புதுக் கத்தி வாங்கினோம், ஆனால் அதன் வாடைக்காக அந்தப் பழத்தை ஓட்டல் உள்ளேயே விடவில்லை.

சப்பாத்துக்கான அறைகளைத் தயார் செய்வது தனிக் கலை. மின் கருவிகளை இயக்கமாட்டார்கள் என்பதால் மின்தூக்கி தேவைப்படாத கீழ்த்தளத்தில் அறைகளை ஒதுக்கினோம். நடமாட்டத்தைக் கண்டால் தானாக எரியும் குளியலறை விளக்கின் உணரியை ஓட்டல் பொறியாளர் நிறுத்திவைத்தார். கதவைத் திறந்தால் எரியும் குளிர்பெட்டி விளக்கைக் கழற்றினார். அட்டைப் பூட்டுக் கதவுகளை ஊழியர் ஒருவர் குறித்த நேரங்களில் திறந்துவிட வேண்டும் என்று முன்னதாகவே பேசி வைத்தோம்; ஏனென்றால் சப்பாத் தொடங்கிய பிறகு "எனக்காக இதைச் செய்" என்று பிறரிடம் கேட்பதும் அவர்களுக்கு ஆகாது. மெழுகுவர்த்தியைக் கதிரவன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு ஏற்றுவது வழக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கே பொழுது சாய்கிறது. நியூயார்க்கில் குளிர்காலத்தில் நாலரைக்கெல்லாம் அவசரப்படுபவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அறைக்குள் தீ மூட்ட ஓட்டல் நிர்வாகம் இசையவில்லை. நெடுநேரம் பேசியபின், தரைவிரிப்பு இல்லாத சிறு உணவுக்கூடத்தில் உலோகத் தட்டுகள்மீது ஏற்றி, அணையும் வரை காவலர் ஒருவர் அருகில் இருப்பது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை அவர்கள் எழுதவும் பணம் கொடுக்கவும் மாட்டார்கள். ஆகவே உணவு, அறைச் சேவை ரசீதுகளைக் கையெழுத்து இல்லாமலே சேர்த்துவைக்குமாறு கணக்குப் பிரிவுக்குச் சொல்லியிருந்தேன். இரவு விண்மீன்கள் தெரிந்து சப்பாத் முடிந்ததும் அவர்கள் வந்து மொத்தமாகக் கையெழுத்திட்டார்கள். திரும்பும் விமானத்தின் கோஷர் உணவை நான் முன்பே பதிவுசெய்திருந்தேன். விமான நிறுவனங்கள் இதற்கு 24 அல்லது 48 மணி நேர அவகாசம் கேட்கின்றன, விமானமோ பயண நாளோ மாறினால் பழைய கோரிக்கை கூடவே வரும் என்று நம்பக்கூடாது. அதனால் அன்றிரவே மீண்டும் அழைத்து, ஒவ்வொருவர் பெயரிலும் கோரிக்கை இருப்பதை உறுதிசெய்துகொண்டேன்.