டப்பாவில் ஆறு வரி

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் சில வருஷம் கணக்கு எழுதினேன். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துவது. முன்னால் கடை, பின்கட்டில் நாலு அடுப்பு, அவ்வளவுதான் கம்பெனி. 2020இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, டப்பாவுல நம்ம கதைய ஆறு வரி போடணும். நீங்களே எழுதிருங்க."

ஒரு நாள் வேலை என்றுதான் நினைத்தேன். ஊர்க்கதை எல்லாருக்கும் தெரியும். 1940களில் பொன்னம்பல நாடார் தன் கடையில் கருப்பட்டிப் பாகில் கடலையைப் போட்டு மிட்டாய் செய்து விற்றார், அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தொடங்கினார்கள் என்பார்கள். இந்தக் குடும்பத்தின் கதையோ ஆளுக்கு ஒன்றாக இருந்தது. அண்ணாச்சி, தாத்தாவின் மளிகைக் கடையிலிருந்து ஆரம்பித்தார். அவர் தம்பிக்கு, ரயிலடியில் தட்டு ஏந்தி விற்றதுதான் தொடக்கம்.

அண்ணாச்சியின் அம்மாவை எல்லாரும் ஆச்சி என்போம். அவர் தொடக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கருப்பட்டியை விட்டு வெல்லத்துக்கு மாறியதைத்தான் சொன்னார். கருப்பட்டி விலை கட்டுப்படியாகாமல் போன காலம் அது. "அவுக ரெண்டு மாசம் அடுப்புப் பக்கமே வரல தம்பி. கருப்பட்டியில பழகின கை, வெல்லத்துக்குப் பதம் பிடிபடல." அந்த இரண்டு மாதமும் அடுப்படியில் நின்று பதத்தைப் பிடித்தவர் ஆச்சி.

அவர் பதம் பார்ப்பதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். அதை எடுத்துக் கிண்ணத்து விளிம்பில் தட்டினால் 'டக்'கென்று கேட்க வேண்டும். கேட்டவுடனே வறுத்துத் தோல் நீக்கிய பருப்பைக் கொட்டிக் கிண்டி, பலகையில் கவிழ்த்து, கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டிவிடுவார்கள். கொஞ்சம் தாமதித்தாலும் துண்டு நொறுங்கிப் போகும்.

ஒரு ஐப்பசியில் வெளியூர்க் கடையிலிருந்து முப்பது டப்பா திரும்பி வந்தது. எல்லாம் பிசுபிசுத்திருந்தது. மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று நான் நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டேன். ஆச்சி ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தார். "பாகை ஒரு கொதி முந்தி எறக்கிட்டான். மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் முத்த விடணும்." இது எந்த நோட்டிலும் இல்லை. அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். எனக்கு அப்புறம் வந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தாரா தெரியவில்லை.

டப்பாவுக்கான ஆறு வரியில் இரண்டு வரி ஆச்சியைப் பற்றி எழுதினேன். அண்ணாச்சி படித்துவிட்டு ஒன்றும் பேசாமல், அம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். தன்னைப் பற்றிய வரிகளை ஆச்சி காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"வெல்லம்னு மொட்டையா போட்டா எப்படி? தேனி வெல்லம்னு போடு. கடலை அருப்புக்கோட்டை கரிசக்காட்டுக் கடலைன்னு போடு."

இரண்டையும் சேர்த்தேன்.