மூன்று அமைடுகளும் ஒரு g மதிப்பும்

திரவங்களின் டைஎலெக்ட்ரிக் மாறிலியை அளப்பது என் வேலை. மின்புலத்தை ஒரு திரவம் எந்த அளவுக்குத் தணிக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் நேர், எதிர் மின்னூட்டங்கள் எவ்வளவு பிரிந்து நிற்கின்றன என்பதன் அளவு) கூடினால் மாறிலியும் கூடும். நான் மறுத்துப் பேசுவதில்லை. மூன்று அமைடுகளை (கார்போனைல் எனும் C=O தொகுதியோடு நைட்ரஜன் இணைந்த சேர்மங்கள்) கொடுத்து அளக்கச் சொல்கிறேன்.

ஃபார்மமைடு, என்-மெத்தில்ஃபார்மமைடு, டைமெத்தில்ஃபார்மமைடு. மூன்றுக்கும் திருப்புத்திறன் ஏறக்குறைய ஒன்றுதான், 3.8 டெபையை (திருப்புத்திறனின் அலகு) ஒட்டி. ஆனால் 25 டிகிரி செல்சியஸில் மாறிலி முறையே சுமார் 110, 180, 37. நைட்ரஜனில் ஒரு மெத்தில் (CH₃) ஏறியதும் எகிறுகிறது, இரண்டாவது ஏறியதும் விழுந்துவிடுகிறது. கருவியைச் சந்தேகிக்காதவர்கள் குறைவு!

காரணம் நைட்ரஜனில் மிஞ்சும் ஹைட்ரஜன். என்-மெத்தில்ஃபார்மமைடில் அது ஒன்றுதான், பெரும்பாலும் கார்போனைல் ஆக்சிஜனுக்கு எதிர்ப்பக்கம் நோக்கி நிற்கிறது. அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை அது பற்றிக்கொள்ள, சங்கிலி நீள்கிறது. இருமுனைகள் ஒரே திசையில் அணிவகுத்து ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கின்றன. ஃபார்மமைடில் இரண்டாவது ஹைட்ரஜனும் இருப்பதால் பிணைப்பு பக்கவாட்டிலும் கிளைக்கிறது, அணிவகுப்பு கொஞ்சம் கலைகிறது. டைமெத்தில்ஃபார்மமைடின் நைட்ரஜனில் பற்றிக்கொள்ள ஹைட்ரஜனே இல்லை.

அண்டை மூலக்கூறுகள் எந்த அளவுக்கு ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதைக் கணக்கில் கொண்டுவர 1939இல் வேதியியலாளர் கிர்க்வுட் தந்ததுதான் g காரணி. தண்ணீருக்கு அது 2.5க்கு மேல், டைமெத்தில்ஃபார்மமைடுக்கு 1ஐ ஒட்டி, அதாவது ஒரே பக்கம் திரும்பும் போக்கு ஏறக்குறைய இல்லை. அசிட்டிக் அமிலம் வேறு கதை. திருப்புத்திறன் தண்ணீரைவிடச் சற்றே குறைவு, மாறிலியோ வெறும் 6 சொச்சம். இரண்டிரண்டாகச் சேர்ந்து வளையமாகும்போது இருமுனைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சூடாக்கினால் மாறிலி லேசாக ஏறுகிறது, வழக்கமான முனைவுத் திரவங்களுக்கு நேர்மாறாக. வளையங்கள் உடைவதன் அடையாளம் அது.

எனக்கு g மீது ஒரு வருத்தம் உண்டு. அது சராசரி. சங்கிலிகளும் வளையங்களும் கலந்திருந்தாலும் 1 வரலாம், பிணைப்பே இல்லாவிட்டாலும் 1 வரலாம். ஒரே வெப்பநிலையில் 1 கிடைத்ததும் 'சேர்க்கை இல்லை', அதாவது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணையவில்லை என்று எழுதிவிடும் அறிக்கைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வெப்பநிலையை மாற்றி ஒரு வரிசை, முனைவற்ற கரைப்பானில் நீர்க்கச் செய்து ஒரு வரிசை, முடிந்தால் அகச்சிவப்பு நிறமாலை. இவ்வளவும் வந்த பிறகு பேசலாம்.