பொங்கலன்று காற்றாடிமலைக்கு

பொங்கல் நாளில் நான் வீட்டில் இல்லாமல் போவது இது ஆறாவது வருஷம். கிறிஸ்தவராக மாறின புனிதர் தேவசகாயத்தை ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது 1752 ஜனவரி 14ல், அந்த நாளில் அங்கே போய் வருவோம். பொங்கலும் அந்தத் தேதியிலேயோ மறுநாளோ வந்து நிற்கும். அம்மா முற்றத்தில் அடுப்புக்கட்டி போடுகிற நேரத்தில் நான் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், கூடவே பெரியம்மாவும் ஒரு மஞ்சப்பையும்.

பெரியம்மா என்றால் சொந்தமில்லை. என் ஞானத்தாய். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவர் ஆயா. இருபத்தேழு வயதில் நான் ஞானஸ்நானம் வாங்கப் போனபோது சாமியார் "ஞானத்தாய் யாரும்மா?" என்று கேட்டார், நான் முழித்தேன், ஏனென்றால் கோயிலில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தாலும் உரிமையோடு கையைப் பிடித்து இழுக்கக்கூடியவர் இந்த ஒருத்தர்தான். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா முந்தின நாள் ராத்திரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அங்க போயிட்டா, நாளைக்கு செத்தா உன் எலும்பைப் பொறுக்க எவன் வருவான்?" கோபத்தில் கேட்டதுதான், ஆனாலும் அது என்னோடேயே இருக்கிறது.

முதலில் வடக்கன்குளம். நீலகண்ட பிள்ளையாக இருந்தவர் 1745ல் தேவசகாயம் ஆனது இங்கேதான். பைபிளில் வருகிற லாசர் என்ற பேருக்கும் கடவுளின் உதவி என்கிற அதே அர்த்தம்தான். நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் அதிகாரியாக இருந்தவர், அவ்வளவு பெரிய இடத்துக்காரர் இத்தனை தூரம் வந்து ஒரு சேசு சபைச் சாமியார் முன்னால் தலையைக் குனிந்திருக்கிறார். மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் வாங்கினார். அவருக்கு ஞானப்பூ என்று பேர். புருஷன் போன பிறகு சொந்த ஊருக்குத் திரும்பாமல் இந்த ஊரிலேயே இருந்து இங்கேயே அடக்கமானார். எனக்கு எப்போதும் அவரைப் பற்றித்தான் அதிகம் யோசனை ஓடும். புனிதர் பட்டம், சுரூபம், கொடியேற்றம் எல்லாம் புருஷனுக்கு. இந்தப் பெண் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாரோ, யார் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்களோ.

வடக்கன்குளம் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் தாண்ட முடியாது. 1872ல் இங்கே கட்டின கோயிலுக்குத் திருக்குடும்பக் கோயில் என்று பேர். அந்தப் பேரை வைத்துவிட்டு, வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானவர்கள் இன்னொரு பக்கம் என்று இரண்டு கை மாதிரி பிரித்து, நடுவில் சுவரும் வைத்துக் கட்டினார்கள். இரண்டு கையும் சேருகிற இடத்தில் பீடம். ஒரே பூசை, ஒரே நற்கருணை, ஆனால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. 1910ல்தான் சுவரை இடித்தார்கள், அதுவும் சும்மா முடியவில்லை, இடித்ததை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போட்டுத் தோற்றார்கள்.

இதைப் பெரியம்மாவிடம் முதல் வருஷம் ரொம்ப ஆவேசமாகச் சொன்னேன், புத்தகத்தில் படித்த சூடு. அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக்காரர் செத்தப்ப கல்லறைத் தோட்டத்துல எந்த ஓரத்துல குழி வெட்டன்னு ரெண்டு மணி நேரம் சண்டை நடந்துச்சு பிள்ள, பெட்டியைக் கீழ வச்சுக்கிட்டு நின்னோம்" என்றார். அப்புறம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறு ஞாயிறு அவர் வழக்கம்போல முதல் பூசைக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில்தான் உட்காருவார், அதில் ஒரு பிடிவாதம் உண்டு.

காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வந்தால் ரெண்டு பக்கமும் காற்றாலைகள். பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு, பெரியம்மாவுக்குக் கையில் செபமாலை. பைபிளில் எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத யோபுவின் கதையைத் தேவசகாயத்துக்குச் சொன்னவர் டி லனாய் என்கிற டச்சுக்காரப் படைத்தலைவர். 1741ல் குளச்சல் சண்டையில் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர், பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். நீலகண்டன் ஆடுமாடு, சொத்து என்று ஒவ்வொன்றாக இழந்து மனசு உடைந்திருந்த நேரத்தில் ஆறுதல் சொன்னது இந்த ஆள்தான். எதிரியாய்க் கப்பலில் வந்தவன் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறான். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. போன வருஷம் தேவசகாயத்தின் இன்னொரு நினைவிடமான முட்டிடிச்சான் பாறைக்குப் போகிற வழியில் அங்கேயும் ஒரு மெழுகுதிரி வைத்துவிட்டு வந்தோம்.

ஆரல்வாய்மொழியில் இறங்கிக் காற்றாடிமலைக்கு ஆட்டோ. அன்றைக்குக் கூட்டம் என்றால் கூட்டம், கடற்கரை ஊர்களிலிருந்து வேன் வேனாக வந்திருந்தார்கள். பூசைக்கு இடம் கிடைக்காமல் வெயிலில் பாறைமேல் உட்கார்ந்தோம், அந்தச் சூடு இன்னும் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம், அந்தக் குடும்பத்து அக்கா எதுவும் கேட்காமல் எங்கள் இலையிலும் எலுமிச்சைச் சாதத்தை வைத்துவிட்டு அப்புறம்தான் "எந்தப் பங்கு?" என்று கேட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று பங்கு பேரைச் சொன்னால் போதும், நாமும் உள்ளே வந்துவிடுவோம். (சில பேர் அதோடு நிறுத்தாமல் அப்பா பேர், தாத்தா ஊர் என்று தோண்டிக்கொண்டு போவார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று நமக்கும் தெரியும்.)

மணியடிச்சான் பாறையில் கல்லால் தட்டினால் வெண்கல மணி மாதிரி சத்தம் வரும். வரிசையில் நின்று பெரியம்மா மூன்று தட்டுத் தட்டினார். நானும் தட்டினேன். பின்னால் நின்ற பையன் "ஆன்ட்டி, சீக்கிரம்" என்றான்.

இந்த மலையில் தேவசகாயத்தைச் சுட்டுவிட்டு உடம்பைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து விசுவாசிகள் தேடி வந்து, மிருகங்கள் தின்றது போக மிஞ்சின எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் பண்ணினார்கள். எலும்பு பொறுக்குவது எங்கள் வீட்டு வழக்கத்தில் பிள்ளைகள் செய்கிற வேலை. அப்பாவுக்கு என் தம்பி செய்தான், பால் சொம்போடு நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். இவருக்கு அதைச் செய்தவர்கள் யாரும் ரத்த சொந்தமில்லை. ராஜகோபத்துக்கு ஆளானவரின் எலும்பு, தொட்டால் தங்களுக்கும் ஆபத்து என்று தெரிந்தேதான் குனிந்திருப்பார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கோட்டாறு போய்ச் சேர்ந்தோம். கல்லறைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்த பெரியம்மா சத்தமாகத்தான் வேண்டுவார், மனசுக்குள் வேண்டத் தெரியாது. தன் பிள்ளைகள், பேரன், என் வேலை, எல்லாம் முடிந்து என் அம்மாவின் பேரைச் சொல்லி, "அவளுக்கு முட்டுவலி குறையணும்" என்றார். இரண்டு பேரும் இதுவரை நேரில் பேசிக்கொண்டதில்லை. 2022 மே 15ல் போப் பிரான்சிஸ் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பேரில் 'பிள்ளை' இல்லை, வெறும் தேவசகாயம்தான். பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். "எங்களுக்கு எப்பவுமே அப்படித்தானே" என்றுவிட்டு எழுந்திருக்க என் கையைப் பிடித்தார்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா போன்.

"எங்க இருக்க?"

"கோட்டாறு. கிளம்பிட்டோம்மா."

"கூட வந்திருக்க அந்த அக்கா சாப்பிட்டுச்சா?"

"ம்."

"ராத்திரி அதையும் கூட்டிட்டு வா. சர்க்கரை உண்டுல்லா அதுக்கு, நான் தனியா வெண்பொங்கல் எடுத்து வச்சிருக்கேன்."