டிவியும் டிஸ்க்கும் ஒட்டிப் பிறந்த பெட்டி

குளச்சலில் அக்கா வீட்டுப் பரணில் ஒரு டிவி கிடந்தது. 2008-இல் அத்தான் வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. 19 அங்குலம். வலது பக்கவாட்டில் உண்டியல் வாய் போல ஒரு பிளவு. அதில் டிவிடியைச் செருகினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒக்கி புயலுக்கு அப்புறம் பரணேறியது, இறங்கவே இல்லை. இப்போது அம்மாவுக்கு அக்காவின் கல்யாண டிஸ்க்கைப் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. பழுது பார்க்கிற ஒருவரிடம் கேட்டேன். "ஆக்கர் கடையில போடுங்க" என்றார், அதாவது பழைய சாமான் கடையில். சரி, ஆக்கருக்குப் போகிற சாமானை நான் கெடுத்தால்தான் என்ன?

முதல் சனிக்கிழமை. பிளக்கைச் சொருகினால் சிவப்பு விளக்கு மினுங்கியது. பவர் பட்டனை அழுத்தினால் டிக்கென்று ஒரு சத்தம், மறுபடி அதே மினுக்கம். படமும் வரவில்லை, டிஸ்க்கையும் இழுக்கவில்லை. இது ஒருவகையில் நல்ல செய்தி. இந்தப் பெட்டிக்குள் டிவி தனி, டிஸ்க் பிளேயர் தனி. இரண்டும் குடிக்கிற கிணறு மட்டும் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் முதலில் கிணற்றைத்தான், அதாவது பவர் சப்ளை போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

பாயில் போர்வையை மடித்துப் போட்டு, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து, பின்மூடியைக் கழற்றினேன். "பைய மக்கா, பைய" என்று அம்மா பக்கத்திலேயே நின்றார். அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறும்போது, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்கும் என்று நம்பக் கூடாது. ஒயரில் கோத்த குண்டு பல்பைத் தொட வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைத்தேன்.

குற்றவாளி பார்த்ததுமே தெரிந்தது. 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு, தலை உப்பி நின்றன. நாகர்கோவிலில் அதே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், 105 டிகிரி தாங்குவது கிடைத்தது. தாங்கும் வோல்ட் கூடினால் பரவாயில்லை, தேக்கும் அளவான மைக்ரோஃபாரட் மாறக் கூடாது. வைத்து ஈயம் பற்றவைத்தேன். மூடியைப் போட்டால் மூடவில்லை! புதியது பழையதைவிட உயரம். அதற்கு நேர் மேலேதான் டிஸ்க் பிளேயர் உட்கார்ந்திருக்கிறது. தனி டிவியாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. மறுபடி கழற்றி, கால்களை வளைத்துப் படுக்க வைத்தேன். டிவி எழுந்துவிட்டது. கேபிள் செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் கொடுத்ததும் அக்கா சீரியலுக்கு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அதோடு முடிந்தது.

மறு சனி டிஸ்க் பக்கம். கல்யாண டிஸ்க்கை இழுத்தது, உர்ரென்று சுற்றியது, 'நோ டிஸ்க்' என்று காட்டித் துப்பியது. பழைய விசிடி ஒன்றைப் போட்டேன்; அருமையாக ஓடியது. விசிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். விசிடி ஓடியதால் மோட்டாரும் சுழற்சியும் சரி. ஒன்று சிவப்பு லேசர் தளர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் லென்ஸில் அழுக்கு. டிவிடியின் எழுத்து பொடி எழுத்து. கண்ணாடி மங்கினால் முதலில் தெரியாமல் போவது பொடி எழுத்துதானே.

இத்தனை வருடம் கடற்காற்றுக் குடித்த லென்ஸ். காது குடையும் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு, அழுத்தாமல் துடைத்தேன். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டினால் போச்சு. பஞ்சில் சாம்பல் நிறத்தில் வந்தது.

கடையில் வாங்கிய ஒரு பட டிவிடியைப் போட்டேன். 'ரீஜன் தவறு' என்று வந்தது. அக்கா முகம் வாடிவிட்டது, நான் துள்ளினேன். ரீஜன் என்பது எந்த நாடுகளில் ஓட வேண்டும் என்று டிவிடிக்குப் போடும் எண். வளைகுடா பெட்டிக்கு ரீஜன் 2, இந்திய டிவிடிக்கு ரீஜன் 5. அந்த எண் டிஸ்க்கில்தான் எழுதியிருக்கிறது. அதைப் படித்துத் திட்டுகிறது என்றால் லேசருக்குக் கண் தெரிகிறது என்று அர்த்தம்! வீடியோக்காரர் பதிந்து தரும் கல்யாண டிஸ்க்கில் ரீஜன் தொல்லை இல்லை. போட்டேன், மேளச் சத்தத்தோடு ஓடியது.

நாற்பது நிமிடத்தில் கட்டம் கட்டமாக உறைந்தது. டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கப்படுவது. பாதி தூரம் போய் நின்றால், லென்ஸ் நகரும் தண்டவாளத்தையும் சந்தேகப்பட வேண்டும். வேறொரு டிஸ்க்கும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. திறந்து பார்த்தால் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. வழித்துவிட்டு, வெள்ளை கிரீஸ் ஒரு துளி. இப்போது மற்ற டிஸ்க் கடைசி வரை ஓடுகிறது. கல்யாண டிஸ்க் மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் நிற்கிறது. அது பெட்டியின் குற்றமில்லை, டிஸ்க்கின் ஓரம் கீறிக் கிடக்கிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தும் பலனில்லை.

நிற்கிற இடம் பந்தி. அப்போதுதான் அம்மா விஷயத்தைச் சொன்னார். போளி கிடைக்கவில்லை என்று சித்தப்பா இன்றுவரை முறுக்கிக்கொண்டு இருக்கிறார். அவர் இலையில் பால்பாயசத்தோடு போளி விழுந்ததை அம்மா கண்ணால் பார்த்தாராம். "அந்த இடம் மட்டும் வந்தா போதும் மக்கா."

அடுத்த சனி கம்ப்யூட்டர் டிரைவில் போட்டு நகலெடுத்துப் பார்க்க வேண்டும்.