போகுமா ஏற்காட்டுக்கு இந்த பஸ்?

'இந்த பஸ் ஏற்காட்டுக்குப் போகுமா?' சேலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் காதில் விழும் கேள்வி. வாக்கிய அமைப்பு எப்படிச் சொல் வரிசையாகிறது என்பதைத் தர்க்க விதிகளாக எழுதிப் பார்க்க இந்த நான்கு சொல் போதும்.

முதலில் மரம், அதாவது எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்டும் கிளைப்படம். கிளைகள் சேரும் இடம் கணு. 'இந்த', 'பஸ்' ஒரு கணு. 'ஏற்காட்டுக்கு', 'போகுமா' இன்னொரு கணு. இரண்டையும் சேர்ப்பது உச்சிக் கணு. பிறகு 'முன்' என்ற உறவு. எந்தச் சொல்லும் தனக்கே முன் வராது. அ ஆவுக்கும், ஆ இவுக்கும் முன் என்றால் அ இவுக்கும் முன். எந்த இரு சொல்லை எடுத்தாலும் ஒன்று முந்தியே தீரும். முதல் விதியை மறந்தால் 'எல்லாம் எல்லாவற்றுக்கும் முன்' என்பதும் விடையாகிவிடும். மூன்றாவதை மறந்தால் வரிசையே இல்லாததும் தேறிவிடும்.

இதுவரை 24 வரிசை. மரத்துக்கு இன்னும் வேலையே இல்லை. நான்காம் விதிதான் அதை உள்ளே கொண்டுவருகிறது: ஒரு கிளை முந்தினால் அதன் சொற்கள் எல்லாமே பக்கத்துக் கிளையின் சொற்களுக்கு முன். மூன்று கணுவும் இரு திசையில் திரும்பலாம், ஆக 8. ஒவ்வொரு கணுவிலும் முக்கியச் சொல்லான 'தலைச்சொல் கடைசியில்' என்ற திசை விதியைச் சேர்த்தால் 1. தர்க்க விதிகளால் நிரல் எழுதும் மொழியான புரோலாக்கில் எழுதுபவர்கள் படிக்குப் படி இந்த எண்களைச் சரிபாருங்கள்.

சிக்கல் இனிமேல்தான். 'ஏற்காட்டுக்கு இந்த பஸ் போகுமா?' சர்வசாதாரணத் தமிழ். ஆனால் அந்த 8-இல் இல்லை. 'இந்த பஸ்' நடுவில் புகுந்து கணுவைப் பிளக்கிறது. நான்காம் விதியைத் தளர்த்தினால் 'இந்த ஏற்காட்டுக்கு பஸ் போகுமா' என்பதும் நுழைந்துவிடும். மரத்தை மாற்றுவதே மேல்: 'இந்த பஸ்', 'ஏற்காட்டுக்கு', 'போகுமா' மூன்றும் உச்சிக் கணுவின் நேர்க்கிளைகள், அங்கே திசைக் கட்டுப்பாடு இல்லை. கிடைப்பது 6. ஆறும் பேச்சில் செல்லும். கண்டக்டரின் பதில் ஆறுக்கும் ஒன்றுதான்.

பெயரெச்சத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 'ஏற்காட்டுக்குப் போகும் பஸ் வந்தது' என்பதில் ஊரைப் பின்னால் தள்ளினால் 'போகும் பஸ் ஏற்காட்டுக்கு வந்தது'. பஸ் வந்து நின்ற இடமே மாறிவிட்டது. ஆகவே திசை விதியை வினைமுற்றுக் கணுவில் மட்டும் விட்டுக்கொடுங்கள்.

மொழியியலாளர் ரிச்சர்ட் கெய்ன் 1994-இல் முன்வைத்த வழியில் திசை விதியே கிடையாது. மரத்தில் எது எதற்கு மேல் என்பதே வரிசையைத் தரும். ஆனால் அங்கே வினைக்குப் பின்தான் செயப்படுபொருள். தமிழில் அது வினைக்கு முன் வர, ஒவ்வொரு முறையும் அதை மரத்தில் மேலே ஏற்ற வேண்டும். 'இந்த', 'பஸ்' இரண்டையும் சமமாக வைத்தால் எதுவும் எதையும் முந்தாது, மூன்றாம் விதி உடையும். 'பஸ்' மேல் இன்னொரு கணு போட்டு, அதைக் கீழே இறக்கித்தான் தப்பிக்கலாம்.