பயண பைக்கை விற்பனைக்குத் தயார் செய்த அனுபவம்

2019-இல் தருமபுரியில் பதிவு செய்த என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை இந்த மாம்பழப் பருவத்தில் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். அதைத் தயார் செய்தது, வாங்க வந்தவர்களிடம் காட்டியது, காகித வேலை நடந்தது ஆகிய மூன்றையும் பதிந்து வைக்கிறேன். வண்டியில் குறை எதுவும் இல்லை. 411 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், 15 லிட்டர் டேங்க், 21 அங்குல முன்சக்கரம் என அமைந்த அது, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விடியலில் ஏறி இருட்டும்வரை ஓட்டினாலும் முதுகை வருத்தியதில்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்திலும் தயங்கியதில்லை. மாறியது என் ஓட்டம்தான். தெற்கே கன்னியாகுமரி வரை போய்வந்த எனக்கு இப்போது வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளும், அரூருக்கு மேலே சித்தேரி மலைப்பாதையும், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையுமே போதுமென்று ஆகிவிட்டன. அங்கெல்லாம் இருநூறு கிலோவை நெருங்கும் வண்டியைவிட எடை குறைந்த ஒன்றே கைக்கு வாகாக இருக்கும்.

டேங்கின் பக்கவாட்டிலும் கிராஷ் கார்டிலும் இருந்த கீறல்களுக்குப் பெயின்ட் அடித்துவிடுமாறு நண்பர்கள் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. விவரம் தெரிந்தவர் புதுப் பெயின்டைப் பார்த்தால் வண்டி எங்கே விழுந்தது என்றுதான் முதலில் யோசிப்பார். கீறல் தெரிந்தால் அது எப்படி வந்தது என்று கேட்பார், நாமும் சொல்லிவிடலாம். பெயின்டுக்கு ஆகும் பணத்தை ஓட்டத்தைப் பாதிக்கும் பாகங்களில் செலவிடுவதே முறை என்று எனக்குப் பட்டது.

ஆகவே முதலில் ஸ்டீயரிங் கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங் தொகுப்பைச் சோதித்தேன். முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பும்போது நடுவில் எங்காவது பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். கரடுமுரடான சாலைகளில் ஓடிய எந்த வண்டியிலும் இதை விட்டுவிடக் கூடாது. என் வண்டியில் அந்தத் தடை இலேசாகத் தெரிந்ததால் செட்டையே மாற்றிவிட்டேன். பிறகு பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கும். தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் பிடிப்பவருக்கு லீவர் மெத்தென்று உள்ளே போய்விடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, புதியவர் கைக்குப் போகும் முன் ஒருதரம் மாற்றினேன். செயினையும் அது ஓடும் பற்சக்கரங்களான இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றியதற்கான ரசீது கோப்பில் இருந்தது. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓசை மந்தமாக வந்தவற்றை மட்டும் இறுக்கச் சொன்னேன். டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கிலக்கத் தேதியை நானே முன்வந்து காட்டுவது என்றும் வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரின் மேடுகளான பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும் என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலையில் பேச அதிகம் இல்லை. அதே ஆண்டு மாடல்களுக்குக் கேட்கப்படும் விலையைப் பார்த்து, நியாயமான ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து சற்றே இறங்கினேன்.

வாங்க வருபவரிடம், வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லச் சொல்லி, அதுவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தேன். ஆறிக் கிடக்கும் எஞ்சின் எப்படி உயிர்பெறுகிறது, டேப்பட் ஓசை (வால்வுப் பகுதியின் தட்டல்) எவ்வளவு, சைலன்சரில் புகை வருகிறதா என்பவை முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் இவற்றில் பாதியை மறைத்துவிடும். நான் வாங்கப் போனாலும் கையை எஞ்சின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். சிலர் நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஓடோமீட்டரைக் கண்டதும் திரும்பிவிட்டார்கள். முறையாக ஆயில் மாற்றி ஓட்டிய நாற்பதாயிரம் கிலோமீட்டர், ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த ஐயாயிரம் கிலோமீட்டரைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

ஓசூரிலிருந்து வந்த தம்பி கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, ஃபோர்க் ஆயில் சீல் மாத்தியிருக்கீங்களா?" என்பதுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து ஆயில் கசியாமல் காப்பது அந்த சீல். ரசீதுக் கோப்பை நீட்டினேன். அவர் கடைசித் தாள்வரை படித்தார். அவரை ஓட்டச் சொல்லி நான் பின்னால் அமர்ந்து பாலக்கோடு வரை போனோம். வேகத்தடைகளுக்கு முன் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைத் தணித்த விதத்தில் அவர் வண்டியை நேசித்து ஓட்டுபவர் என்று தெரிந்தது. அவரைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவதாக ஒருவர் பேசியிருந்தும் நான் இவருக்கே சம்மதித்தேன். இருபுறமும் மாட்டும் பெட்டிகளையும் அவற்றின் தாங்கிகளையும் தனியாக விலை சொல்லாமல் சேர்த்தே கொடுத்தேன்.

காகித வேலையில் நான் கண்டிப்பாக இருந்தேன். விற்றதை அறிவிக்கும் படிவம் 29, பெயர் மாற்றம் கோரும் படிவம் 30 இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்ட பிறகே சாவி கை மாறியது. விற்றவர் 14 நாட்களுக்குள் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றம் கோர வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பதிவுச் சான்றில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு மறந்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் நிற்க வேண்டும். வாங்குபவர் பெங்களூர்க்காரராக இருந்திருந்தால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று பெற்று, கர்நாடகச் சாலை வரியையும் அவர் கட்ட வேண்டியிருக்கும். ஓசூர் என்பதால் அந்த அலைச்சல் இல்லை.

இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்குமாறு அவரிடம் சொல்லியிருக்கிறேன். இழப்பீடு கோராமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்ததன்று, அதை ஈட்டிய உரிமையாளரைச் சேர்ந்தது. அதற்கான கடிதத்துக்கு என் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் விண்ணப்பித்துவிட்டேன். அது 3 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் புதிய உரிமையாளரின் பெயர் தெரிந்த பிறகு, எடை குறைந்த மலைச்சாலை வண்டியை நிதானமாகத் தேடத் தொடங்குவேன்.