மாமாவின் விசைப்படகில் இரைச்சல் நீக்கும் சோதனை

ஏப்ரல் 8, கடலூர் துறைமுகம்

வரும் 15ஆம் தேதி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும் என்பதால், மாமாவின் விசைப்படகில் இன்ஜின் ஓடும்போதே அவர் குரலைப் பதிந்துவிட்டேன். நான்கு வீச்சு, ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடினால் நொடிக்கு 90 வெடிப்பு, அதாவது 90 ஹெர்ட்ஸ். மாமாவின் குரற்சுருதியும் அதற்குச் சற்று மேலேதான் நிற்கிறது; சிக்கல் முழுவதும் அங்கேதான். மீன் பெயரையும் விலையையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். "எத்தினி வாட்டிடா எழுபது, எண்பதுன்னு சொல்றது? ஏலத்துலகூட இவ்ளோ கத்துனதில்ல" என்றார்.

ஏப்ரல் 10

முதலில் நிறமாலைக் கழிப்பு; நிறமாலை என்பது ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற கணக்கு. 1979இல் ஸ்டீவன் போல் (Boll) என்ற ஆய்வாளர் வெளியிட்ட இம்முறையில், பேச்சில்லாத இடத்தில் இரைச்சலின் நிறமாலையை அளந்துகொண்டு, பேச்சுள்ள இடத்தில் அதைக் கழிக்க வேண்டும். ஒரே மைக் போதும். இன்ஜின் அடங்கியது, ஆனால் கழியாமல் மிஞ்சிய முகடுகள் நொடிக்கு நொடி இடம் மாறியதால், சலங்கை மணிகள் தரையில் சிதறியது போன்ற கிணுகிணுப்பு எழுந்தது. இதற்குத் துறையில் 'மியூசிக்கல் நாய்ஸ்' என்று பெயர். இசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'சுறா'வின் சகரமும் பாதி கரைந்துவிட்டது.

ஏப்ரல் 11

பெர்னார்ட் விட்ரோ (Widrow) என்ற ஆய்வாளரின் குழுவினர் 1975இல் விளக்கிய இரண்டு மைக் முறை. இன்ஜின் அருகிலுள்ள மைக்கில் இரைச்சலை மட்டும் வாங்கி, எல்எம்எஸ் (LMS) என்ற, பிழையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வடிகட்டி அதைக் குரல் மைக்கில் கேட்கும் இரைச்சலோடு ஒத்துப்போகும்படி மாற்றிக்கொண்டே வந்து கழிக்கும். முதல் முறை மாமா இன்ஜின் அறை வாசலிலேயே நின்று பேசியதால் குரல் இரண்டு மைக்கிலும் ஏறி, இரைச்சலோடு அவரும் கழிந்துபோனார். மைக்கை மூடிக்குள் இறக்கி, அவரைப் படகின் முன்புறமான அணியத்துக்கு அனுப்பிய பிறகே சரியானது. காற்றும் அலையும் அப்படியே நின்றன. இன்ஜின் மைக்குக்கு அவை எட்டாதவை.

ஏப்ரல் 13, புதுச்சேரி

இன்று குறியாக்கம், அதாவது குரலை அனுப்புவதற்காக பிட்டுகளாக மாற்றுவது. தொலைபேசிக் குறியாக்க முறையான ஜி.711 நொடிக்கு 8000 மாதிரிகளை 8 பிட் வீதம், 64 கிலோபிட்டில் அனுப்புவது. அலையையே படியெடுப்பதால் இன்ஜினோடு சேர்த்தனுப்பினாலும் சொல் புரிந்தது. குரலை மிகக் குறைந்த பிட்டில் அனுப்பும் கோடெக் 2 என்ற முறை நொடிக்கு வெறும் 2400 பிட்டில், 20 மில்லிநொடிக்கு 48 பிட் மட்டுமே செலவழித்து, சுருதி, ஆற்றல், நிறமாலையின் உருவம் போன்றவற்றையே அனுப்புகிறது. ஒரே ஒரு மனிதக் குரல்தான் வரும் என்று அது நம்புவதால், சுத்தம் செய்யாத பதிவில் இன்ஜினின் 90 ஹெர்ட்ஸையே சுருதியாகப் பிடித்துக்கொண்டது. எழுபதும் எண்பதும் ஒரே முனகலாயின. நிறமாலைக் கழிப்புக்குப் பின் அனுப்பியதில் கிணுகிணுப்பு குரலோடு குழம்பியது. எல்எம்எஸ் பதிவு மட்டுமே தேறியது, காதுக்கு அதில் மிச்ச இரைச்சல் கூடுதலாக இருந்தபோதிலும்.

இரவு அந்தப் பதிவை மாமாவுக்கு அனுப்பினேன். எழுபதையும் எண்பதையும் பிசகாமல் சொன்னவர், 'சுறா'வை 'இறா' என்றார். சகரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. நொடிக்கு 8000 மாதிரி என்றால் அதில் பாதியான 4000 ஹெர்ட்ஸ் வரைதான் பதியும்; அதற்கு மேலுள்ளதற்கு இடமே இல்லை.